திண்ணையில் ஒரு வருஷம், ரேழியில் நாலு நாள்

எங்கள் தெருவில் மட்டும் எண்ணிப் பார்த்தேன். ஏழு வீட்டுப் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கிறார்கள். அதில் நாலு வீட்டுத் தாத்தா பாட்டிகளாவது என்னிடம் "ஃப்ரெட்டர்னிட்டி என்றால் என்ன சார்?" என்று கேட்டுவிட்டார்கள். போன வருஷம் ஆறு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தவன், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. எல்லாம் தெரியாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் பற்றி நிறையப் படித்தேன், மாப்பிள்ளையோடு நிறைய வாதமும் செய்தேன். இதில் எனக்கென்று ஒரு கட்சி உண்டு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரெட்டர்னிட்டி என்பது கல்லூரிப் பையன்களின் சகோதரர் சங்கம். பெண்களுக்கு என்றால் சொராரிட்டி. கிரேக்க எழுத்து இரண்டோ மூன்றோதான் பெயர். பீட்டா, தீட்டா, சிக்மா என்று கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும். 1776ல் வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாதான் இப்படிப் பெயர் வைத்துக்கொண்ட முதல் சங்கம். அது பிற்பாடு நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கான கௌரவச் சங்கமாகிவிட்டது. ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகக் கூத்தடிக்கிற வகை 1825ல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் ஆரம்பித்த கப்பா ஆல்ஃபாவிலிருந்து வருகிறது. இன்றைக்குப் பெரிய பல்கலைக்கழகங்களில் இருபது முப்பது சங்கங்கள்கூட இருக்கும். சொந்த வீடு, சமையல்காரர், மாதச் சந்தா எல்லாம் உண்டு.

சேர்கிற முறை இப்படி. முதலில் 'ரஷ்'. பையன்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பேசுவார்கள். பெண் பார்க்கிற மாதிரிதான், ஆனால் இங்கே இரண்டு பக்கமும் பெண், இரண்டு பக்கமும் மாப்பிள்ளை. பிடித்துப் போனால் சங்கம் 'பிட்' என்று அழைப்பு கொடுக்கும். பையன் சரி என்றால் அன்றிலிருந்து அவன் 'ப்ளெட்ஜ்'. (இந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதால் இப்போது 'நியூ மெம்பர்' என்கிறார்கள்.) ப்ளெட்ஜ் முழு உறுப்பினன் இல்லை. சங்கத்தின் வரலாறு, ஸ்தாபகர்கள் பெயர், விதிமுறை எல்லாம் கற்றுத் தேற வேண்டும். கடைசியில் ஒரு ரகசியச் சடங்கு. அதுதான் இனிஷியேஷன். அது முடிந்தால்தான் 'பிரதர்'.

அழைப்புக்கும் அந்தச் சடங்குக்கும் நடுவே எத்தனை நாள் இருக்கலாம்? இதுதான் அங்கே முப்பது நாற்பது வருஷமாக ஓடுகிற வழக்கு. என் பேரனுக்கு வந்த தாளில் ஒன்பது வாரம் என்று போட்டிருந்தது. ஆறு வாரம், எட்டு வாரம் என்று உச்சவரம்பு போட்ட பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒரு செமஸ்டர் முழுக்க இழுத்த சங்கங்கள் உண்டு. நாலே நாளில் முடித்தாக வேண்டும் என்று சட்டம் போட்ட சங்கமும் உண்டு. நான் அந்த நாலு நாள் கட்சி.

காரணத்தை நம் பழைய வீடுகளை வைத்துச் சொன்னால் நமக்குச் சுலபமாக விளங்கும். திண்ணை, ரேழி, கூடம். திண்ணையில் யாரும் எவ்வளவு நேரமும் உட்காரலாம். வழிப்போக்கன்கூடப் படுத்து எழுந்து போவான். அவனுக்கு வீட்டின் மேல் பாத்தியதை இல்லை, வீட்டுக்கு அவன் மேல் அதிகாரமும் இல்லை. கூடத்துக்கு வந்துவிட்டவன் வீட்டு மனுஷன், அவனை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. நடுவில் இருக்கிற ரேழி இருட்டு. அது கடந்து போகிற இடம். அங்கே ஒருவனை நிறுத்திவைத்தால் அவன் வெளியாளும் இல்லை, வீட்டாளும் இல்லை. உள்ளே இருப்பவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ப்ளெட்ஜ் என்பவன் ரேழியில் நிற்கிறவன்.

நம் தலைமுறையில் கல்லூரி விடுதியில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நான் 1967ல் பி.எஸ்சி. சேர்ந்தேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். அப்போது ராகிங் தப்பு என்றே யாரும் நினைக்கவில்லை, வார்டன் உட்பட. ஆனால் அதற்கு ஒரு கெடு இருந்தது. "ஃப்ரெஷர்ஸ் டே வரைக்கும்தான்டா" என்பார்கள் சீனியர்கள். அன்றைக்கு மேடை போட்டு, எங்களுக்கு ஒரு ரோஜாப்பூவும் லட்டும் கொடுத்து, தோளில் கை போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ராகிங் செய்தால் மற்ற சீனியர்களே அதட்டுவார்கள். வழக்கமாக மூன்று வாரத்தில் வந்துவிடுகிற நாள் அது.

எங்கள் வருஷம் அந்த நாள் தள்ளிப் போயிற்று. சிறப்பு விருந்தினர் தேதி கொடுக்கவில்லை என்றார்கள், பிறகு ஏதோ பரீட்சை என்றார்கள். மூன்று வாரம் ஏழு வாரமாயிற்று. அந்த ஏழு வாரத்தில் நடந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. முதல் வாரம் பாட்டுப் பாடச் சொன்னார்கள். தீக்குச்சியால் அறையை அளக்கச் சொன்னார்கள். தூணைப் பார்த்துக் காதல் வசனம் பேசச் சொன்னார்கள். நாங்களே உள்ளூரச் சிரித்துக்கொண்டுதான் செய்தோம். இரண்டாம் வாரம் மீசையை எடுக்கச் சொன்னார்கள். அதுவும் போகட்டும், வளர்ந்துவிடும். நாலாம் வாரம் பாட்டும் தூணும் அவர்களுக்கே அலுத்துவிட்டது. பார்த்த சினிமாவையே எத்தனை தடவை பார்ப்பார்கள்? புதிதாக ஏதாவது வேண்டும். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புவது, சட்டையில்லாமல் மொட்டை மாடியில் நிற்கவைப்பது என்று போயிற்று. ஆறாம் வாரம் என் பக்கத்து அறைப் பையன், மதுரைப் பக்கத்துக் கிராமத்தான், குடும்பத்திலேயே முதல் முதலாகக் கல்லூரிக்கு வந்தவன், டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனான். திரும்பி வரவேயில்லை. அவனை விரட்டியவர்கள் ராட்சதர்கள் இல்லை. பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள். அதில் ஒருவர் பிற்காலத்தில் எனக்கு மிக நல்ல நண்பர். மூன்றாம் வாரம் லட்டு கொடுத்திருந்தால் அந்தப் பையன் பட்டம் வாங்கியிருப்பான் என்பது என் கணக்கு.

ஆகவே நாள் நீள நீளப் பழக்கம் கூடும், பாசம் கூடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த டிரங்குப் பெட்டிதான் கண்ணில் தெரியும். கையில் ஒருவனைக் கொடுத்து, ஒன்பது வாரம் உன் இஷ்டம் என்று சொன்னால், ஒன்பது வாரத்துக்கு வேண்டிய சரக்கு எந்த இருபது வயதுப் பையனிடமும் இருக்காது. நல்ல சரக்கு முதலில் தீரும்.

அமெரிக்காவில் இது சாவில் போய் முடிகிறது. இதற்கு அங்கே 'ஹேஸிங்' என்று பெயர். ஹேங்க் நூவர் என்ற பத்திரிகையாளர் வருஷக்கணக்காக இந்தச் சாவுகளைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார். 1959 முதல் 2021 வரை ஒரு வருஷம்கூடத் தப்பவில்லை, வருஷத்துக்கு ஒரு மாணவனாவது போயிருக்கிறான். பழைய கதையும் உண்டு. 1873ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில், சேர்ப்புச் சடங்கு என்று ராத்திரியில் கண்ணைக் கட்டி அழைத்துப் போன பையன் பாறைப் பள்ளத்தில் விழுந்து இறந்தான்.

கிட்டத்துக் கதைகளைப் படித்தால் தூக்கம் வராது. 2017 செப்டம்பரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 18 வயதுப் பையன். கல்லூரிக்கு வந்து ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. சங்கத்தின் வரலாற்றில் கேள்வி கேட்பார்கள், தப்பாகச் சொன்னால் மதுவைக் குடிக்க வேண்டும். விடிந்தபோது ஆள் பிழைக்கவில்லை. 2013 டிசம்பரில் நியூயார்க் பரூக் கல்லூரிப் பையன், சீன வம்சாவளி. ஆசிய மாணவர்களுக்கென்று இருந்த ஒரு சங்கம். செமஸ்டர் முடிகிற தறுவாயில், கடைசிச் சடங்கு என்று பென்சில்வேனியா மலைப்பக்கம் கூட்டிப் போனார்கள். கண்ணைக் கட்டி, முதுகில் மணல் மூட்டையைக் கட்டி, உறைந்த தரையில் நடக்கவிட்டு, ஒவ்வொருவராக ஓடி வந்து மோதித் தள்ளினார்கள். 2018ல் நீதிமன்றம் அந்தச் சங்கத்தையே பத்து வருஷம் பென்சில்வேனியாவில் இயங்கக் கூடாது என்று தடுத்தது.

இந்த இரண்டாவது சாவை நினைத்துப் பாருங்கள். அந்தப் பையன் ஏன் "போதும், நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லவில்லை? பத்து வாரத்துக்கு மேல் பட்டுவிட்டான். இன்னும் ஒரு ராத்திரிதான். ஆற்றில் முக்கால் பங்கு நீந்தியவன் கரையைத்தான் பார்ப்பான், திரும்ப மாட்டான். காத்திருக்கும் காலம் நீளமானால் கடைசி நாளன்று மறுக்கிற தெம்பு குறைகிறது. நாலு நாள் மட்டுமே ஆகியிருந்தால் எழுந்து போக அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, இழந்தது நாலு நாள்தானே.

காலையில் என்னோடு வாக்கிங் வருகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "கஷ்டப்பட்டு வாங்கினாத்தான் சார் அருமை தெரியும். சும்மா கிடைச்சா மதிப்பானா?" என்பார். மாப்பிள்ளையும் அதே கட்சிதான். அவர் அலுவலகத்தில் இப்படிச் சேர்ந்தவர்கள் இருபது வருஷம் கழித்தும் அண்ணன் தம்பி போல் இருக்கிறார்களாம்.

அருமை தெரியும் என்பது உண்மைதான். அதை ஆராய்ச்சி செய்தே காட்டிவிட்டார்கள். 1959ல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். (நூவர் கணக்கு தொடங்குவதும் அதே 1959. தற்செயல்தான், ஆனால் மனதில் தங்கிவிட்டது.) கல்லூரிப் பெண்கள் சிலரை ஒரு கலந்துரையாடல் குழுவில் சேரச் சொன்னார்கள். சிலர் சும்மா சேர்ந்தார்கள். சிலருக்கு லேசான தேர்வு. சிலரை மட்டும் ஒரு ஆண் எதிரில் உட்காரவைத்து, வாயில் சொல்லக் கூசும் ஆபாச வார்த்தைகளை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அப்புறம் எல்லோருக்கும் அந்தக் குழுவின் பேச்சு என்று ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார்கள். வேண்டுமென்றே கொட்டாவி வருகிற மாதிரி தயாரித்த பேச்சு அது. கூசிக் குறுகிச் சேர்ந்தவர்கள்தான் "ஆகா, சுவாரசியமான குழு" என்று அதிக மார்க் போட்டார்கள்.

தலைமையாசிரியர் நண்பர் இதைக் கேட்டதும் "நான் சொன்னேன் பாத்தீங்களா" என்றார். எனக்கோ அது நேர் எதிராகப் படுகிறது. அந்தக் குழு நல்ல குழு இல்லை. பட்ட அவமானம் வீணாகிவிடக் கூடாதே என்று மனசு தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டது. ஆகவே வதைத்துச் சேர்த்தவன் சங்கத்தை நேசிக்கிறான் என்பதால் சங்கம் நேசிக்கத் தக்கது என்று ஆகாது. உபயோகமில்லாத பொருளைக் கடன் வாங்கிக் கூடுதல் விலைக்கு வாங்கியவன் ஊரெல்லாம் அதைப் புகழ்ந்துகொண்டிருப்பான், பார்த்திருக்கிறோம் இல்லையா? இன்னும் மோசம், அடுத்த வருஷம் புதிதாக வருகிறவனிடம் அவன் குறைவாகவா கேட்பான்?

மாப்பிள்ளை வேறொரு கேள்வி கேட்டார். "மாமா, நீங்க பேங்க்ல சேர்ந்தப்போ புரொபேஷன் இல்லையா?" இருந்தது. 1971ல் கிளார்க்காகச் சேர்ந்தபோது ஆறு மாதம். ஆனால் அந்த ஆறு மாதமும் எனக்குச் சம்பளம் உண்டு, வேலை நேரம் உண்டு. என்னைப் பற்றி ரிப்போர்ட் எழுதினவர் மேனேஜர். அவருக்கு மேலே ஏஜிஎம் இருந்தார், பக்கத்தில் யூனியன் இருந்தது. போன வருஷம் சேர்ந்த கிளார்க் என் தலைவிதியை எழுதவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு லெட்ஜர் டேலி செய்யவா என்று எவரும் கூப்பிடவும் இல்லை. (அரையாண்டுக் கணக்கு முடிப்பின்போது கூப்பிட்டார்கள். அது வேறு. அதற்கு டிபன் உண்டு.) மேலே பதில் சொல்ல ஆள் இருக்கிற இடத்தில் ஆறு மாதமும் ஆபத்தில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் என்று சொல்கிற இடத்தில் ஆறு வாரமே அதிகம்.

சங்கங்களுக்கே இது தெரியாமல் இல்லை. லாம்ப்டா கை ஆல்ஃபா 1972லேயே ப்ளெட்ஜ் முறையை விட்டுவிட்டது. புதியவனை 'அசோசியேட் மெம்பர்' என்று ஏறக்குறையச் சமமாக வைத்தது. யூத மாணவர்களின் சங்கமாகத் தோன்றிய ஸீட்டா பீட்டா டௌ 1989ல் அடியோடு எடுத்தது. 1856ல் அலபாமாவில் பிறந்த சிக்மா ஆல்ஃபா எப்சிலான் மிகப் பெரிய சங்கங்களில் ஒன்று, அடுத்தடுத்த சாவுகளால் பெயரும் கெட்டிருந்தது. 2014 மார்ச்சில் அதுவும் ப்ளெட்ஜ் முறையை ஒழித்தது. அழைப்பு கொடுத்து 96 மணி நேரத்துக்குள் இனிஷியேஷன் முடித்துவிட வேண்டும் என்றார்கள். என் நாலு நாள் அங்கிருந்து எடுத்ததுதான். வரலாறு, விதிமுறை எல்லாம் அப்புறம் படிக்கட்டும், நாலு வருஷமும் படிக்கட்டும். கூடத்தில் உட்கார்ந்து படிக்கட்டும்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2019 ஜனவரியில் கலிபோர்னியாவில், அதே 96 மணி நேரச் சங்கத்தில், 18 வயதுப் பையன் ஒருவன் குடித்து இறந்தான். 'பிக் பிரதர் நைட்' என்று ஒரு ராத்திரி. புதியவனுக்கு ஒரு அண்ணனை நியமிப்பார்கள். அண்ணன் தம்பிக்குக் கொடுக்கும் பரிசு ஒரு பாட்டில். 2021 மார்ச்சில் ஒஹையோவில் போன பையனும் இதே மாதிரி ராத்திரியில்தான் போனான், வேறு சங்கம். நாளைக் குறைத்தார்கள், பாட்டிலை விட்டுவிட்டார்கள். வடஅமெரிக்கச் சங்கங்களின் கூட்டமைப்பு 2018ல் கூடி, 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள சரக்கைச் சங்க வீடுகளில் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தது. எத்தனை வீட்டில் கேட்கிறார்களோ!

கருப்பின மாணவர்களின் சங்கங்கள் கதை இன்னும் யோசிக்க வைக்கிறது. அவை எட்டும் சேர்ந்து 1990ல் ப்ளெட்ஜ் முறையை ஒரே கையெழுத்தில் ஒழித்தன. காகிதத்தில் ஒழிந்தது. ஆனால் விதிப்படி சேர்ந்தவனை 'பேப்பர்' என்று கேலி செய்தார்கள், அடி வாங்கிச் சேர்ந்தவனுக்குத்தான் மரியாதை. கேலிக்குப் பயந்து பையன்களே ரகசியமாகப் போய் அடி வாங்கினார்கள். 1994ல் மிசௌரியில் ஒருவன் அதில் செத்தே போனான். வாக்கிங் நண்பருக்கு இதுவும் சாதகம். "தடை போட்டா மறைவுல நடக்கும்."

நடக்கட்டும். நம்மூரில் நாவரசு கொலைக்குப் பிறகு 1997ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் அன்றோடு நின்றதா? இல்லை. ஆனால் ஒன்று மாறியது. "ஃப்ரெஷர்ஸ் டே வரைக்கும்தான்" என்று வார்டனே சிரித்துக்கொண்டு சொல்கிற காலம் போயிற்று. தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, புகார் கொடுக்கிற பையன் கோழையில்லை. நாலு நாள் விதிக்கும் அதே உபயோகம் உண்டு. ஒன்பது வாரம் என்று விதியிருந்தால், ஆறாம் வாரம் ராத்திரி இரண்டு மணிக்குப் பையனை எழுப்பிக் கொண்டுபோனாலும் "பயிற்சி" என்று சொல்லிவிடலாம். அவன் அம்மாவுக்கு எது பயிற்சி, எது வதை என்று எப்படித் தெரியும்? நாலே நாள் என்றால் ஐந்தாம் நாள் நடப்பது எதுவானாலும் விதிமீறல். தொலைபேசியில் ஒரே கேள்வி போதும். "சடங்கு ஆயிடுச்சாப்பா?" ஆகவில்லை என்றால் ஏதோ சரியில்லை.

மாப்பிள்ளை விடவில்லை. "நாலு நாள்ல ஒருத்தனைப் பத்தி என்ன தெரியும் மாமா?" நியாயமான கேள்வி. நாலு நாளில் தெரியாதுதான். தெரிந்துகொள்ள வேண்டிய இடம் திண்ணை. அழைப்பு கொடுப்பதற்கு முன்னால், வாங்குவதற்கு முன்னால், ஒரு வருஷம் பழகட்டும். ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போகட்டும், சாப்பிடப் போகட்டும், அந்த வீட்டுப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடலாம், யாரும் கேட்க முடியாது. டார்ட்மத் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகள் சேரவே முடியாது. பிரின்ஸ்டனும் 2012ல் முதலாமாண்டில் சேரத் தடை போட்டது. பல இடங்களில் கல்லூரி திறந்த மூன்றாம் வாரமே ரஷ் நடத்துகிறார்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு இன்னும் நூலகத்துக்கு வழி தெரியாது, துணி துவைக்கிற மிஷினில் எந்தப் பட்டன் என்று தெரியாது. வீட்டு ஞாபகம் வேறு. யார் சிரித்தாலும் அண்ணன் என்று போய்விடுவான்.

இதற்கும் எதிர்ச் சாட்சி இருக்கிறது, மறைக்கக் கூடாது. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட்டில் இறந்த 19 வயதுப் பையன் இரண்டாமாண்டு மாணவன். திண்ணையில் ஒரு வருஷம் இருந்தவன்தான். பிட்டை ஏற்றுக்கொண்ட முதல் ராத்திரியே வரிசையாக நிற்கவைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள், படியில் விழுந்தான், விடிந்து வெகுநேரம் வரை யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம். வீடு முழுக்கக் கேமரா இருந்தது, எல்லாம் பதிவாகியிருந்தது. அவன் பெயரிலேயே பென்சில்வேனியா 2018ல் சட்டம் கொண்டுவந்தது. ஒரு வருஷம் காத்தாலும் ஒரு ராத்திரியில் போகலாம் என்பது உண்மை. ஆனாலும் ஒரு வருஷம் பழகியவனுக்கு எந்த வீட்டில் இப்படி நடக்கிறது என்ற பேச்சு காதில் விழ வாய்ப்பிருக்கிறது. மூன்று வாரம் ஆனவனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, இனிமேல் எந்தச் சங்கம் ஹேஸிங்கில் மாட்டியது என்பதைக் கல்லூரிகளே வெளியிட வேண்டும். ஒரு வருஷம் காத்திருப்பவனுக்கு அதைப் படிக்கவும் நேரம் இருக்கும்.

என் பேரன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். ஒன்பது வாரத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். நான் போகாதே என்று சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவான், அந்த வயதை நானும் கடந்தவன். "இந்த ஒன்பது வாரத்தில் எந்த வாரம் என்ன சொல்லித் தருவாங்க, எழுதிக் கேளேன்" என்றேன். கேட்டான். முதல் மூன்று வாரத்துக்குப் பட்டியல் வந்தது, மீதி ஆறு வாரத்துக்கு "அது சங்க ரகசியம்" என்று பதில் வந்தது. அவனே யோசித்துவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கிறேன் என்று எழுதிவிட்டான். அடுத்த வருஷம் அழைப்பு வரும் என்று உத்தரவாதம் இல்லை என்றார்களாம். ஆனாலும் சனிக்கிழமை மேட்ச் பார்க்க அந்த வீட்டுக்குத்தான் போகிறான். பிரியாணி நன்றாக இருக்கிறதாம், யாரோ ஹைதராபாத் பையன் செய்கிறான்.

நம் பிள்ளைகளுக்கென்றே தெற்காசியச் சங்கங்களும் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சிக்மா பீட்டா ரோ 1996ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், டெல்டா எப்சிலான் சை 1998ல் டெக்ஸாஸ் ஆஸ்டினில் தொடங்கியவை. அவற்றை நான் குறை சொல்லவில்லை. அங்கே போகிற பிள்ளைக்குத் தீபாவளிக்கு நாலு பேர் இருப்பார்கள், அது சின்ன விஷயமில்லை. ஆனால் "நம்மவங்கதானே" என்று நாள் கணக்குக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. விடுதியில் எங்களை மொட்டை மாடியில் நிற்க வைத்தவர்களும் நம்மவர்கள்தான்.

பேரன் பேத்தி இந்த வருஷம் கல்லூரிக்குப் போவதாக இருந்தால் மூன்று விஷயம் கேட்டு வையுங்கள். சேரப் போகிற வீட்டுக்கு இதற்கு முன் எத்தனை தடவை போயிருக்கிறான், அழைப்பிலிருந்து சடங்குக்கு எத்தனை நாள், அந்த நாட்களில் ராத்திரி பத்துக்கு மேல் ஏதாவது உண்டா. ஆகஸ்டில் கல்லூரி திறந்துவிடும், ரஷ் செப்டம்பரிலேயே வந்துவிடும், அப்புறம் போனை எடுக்கவே மாட்டார்கள். ஜூலையில் ஊருக்கு வரும்போது, அப்பா அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, மாம்பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். நம்மிடம் என்றால் சொல்லிவிடுவார்கள்.